வழித்து அளக்காத ஐசிங் சீனி

போன தைப்பொங்கலோடு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வீட்டிலை இருந்து கேக் அடிச்ச ஆளுக்கு என்ன ஓய்வு அக்கா? பென்சனும் வருமோ?" என்று கேட்டாள். என் சொந்தத் தம்பியும் சிரித்தான். சிரிக்கட்டும். வங்கியில் இருந்தவர் ஓய்வு பெறலாம், துறைமுகத்தில் வேலை செய்தவர் ஓய்வு பெறலாம், திருகோணமலையில் பாதிக் கலியாணங்களுக்கு ஐசிங் போட்டவள் மட்டும் பெறக்கூடாதா? முன்னொருமுறை குடும்ப விபரம் எடுக்க வந்த அலுவலர் ஒருவர், தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதப் போனார். "கேக் அலங்காரம் எண்டு எழுதுங்கோ" என்றேன். "அது தொழிலோ?" என்று கேட்டார். அவருடைய மகளின் கலியாணக் கேக்கை அடித்தது யார் என்று நினைவுபடுத்தினேன். சொன்னபடியே எழுதினார்.

இப்போது வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அடிக்கடி எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அன்ரி, ஐசிங் சீனி எத்தனை கப்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தக் கப்? கரண்டியாலை போட்டதோ, கப்பாலை அள்ளினதோ? அரிக்க முன்னமோ, அரிச்ச பிறகோ?" கிழவி தொழில் இரகசியத்தை ஒளிக்கிறாள் என்று நினைக்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. ஐசிங் சீனி மா மாதிரி மெல்லியது. பைக்குள் கப்பை விட்டு அமர்த்தி அள்ளினால் ஒரு கைப்பிடி கூடுதலாக ஏறிவிடும். அரித்துவிட்டு மெல்லக் கொட்டினால் காற்றோடு சேர்ந்து பொங்கி நிற்கும். இரண்டும் ஒரு கப்தான். ஒன்றில் ஐசிங் நிற்கும், மற்றதில் வடியும் அல்லது வெடிக்கும். இதைத்தான் கேட்கிறேன், வேறென்ன?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இனிப்பைக் குறையுங்கோ அன்ரி, இப்ப ஆர் ஐசிங் சாப்பிடுகினம்?" என்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐசிங்கில் சீனி இனிப்புக்காக மட்டும் இல்லை. அது நிற்பதற்காகவும்தான். சீனியைக் குறைத்தால் இந்த வெக்கையில் ரோசாப்பூ கேக்கிலிருந்து இறங்கி மேசைவிரிப்பில் உட்காரும். இனிப்பு வேண்டாதவர்கள் விசுக்கோத்து வாங்கிச் சாப்பிடட்டும்.

நான் தொழில் பழகியது ஓர்ஸ் ஹில்லில், டெய்சி அன்ரி வீட்டுக் குசினியில். பின்பக்க யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத் தண்ணீர் தெரியும். ஆனால் அந்த யன்னலைத் திறக்க விடமாட்டார். கடற்காற்று உள்ளே வந்தால் ஐசிங் சீனி கட்டிப்பட்டுவிடும். காற்றாடியும் போடக்கூடாது, போட்டால் சீனி முகமெல்லாம் பறக்கும். நாங்கள் நாலு பெண்கள் அந்தப் புழுக்கத்தில் வியர்த்து வழிந்து நிற்போம், வியர்வை பாத்திரத்தில் விழாமல் நெற்றியில் துணி கட்டியிருப்போம். பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முட்டை உடைத்தேன், பிளம்ஸ் வெட்டினேன், தட்டுக் கழுவினேன். ஐசிங் சீனியைத் தொட விட்டது மிகவும் பிந்தித்தான்.

டெய்சி அன்ரி சீனி அளக்கிற விதம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பையைத் திறக்க முன்னரே மேசையில் படுக்க வைத்து, அதன் மேலே ஒரு போத்தலை உருட்டுவார். கட்டிகள் உள்ளேயே நொறுங்கும். பிறகு எண்ணெய்க் கடதாசியை விரித்து, கண் நெருக்கமான அரிதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரத்தை விரல் நுனியால் தட்டித் தட்டி அரிப்பார். கரண்டியால் அழுத்தித் தேய்க்கக்கூடாது. அரித்ததைக் கரண்டியால் எடுத்துக் கப்புக்குள் தூங்குகிற பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவது மாதிரி விடுவார். கப்பின் வாய்க்கு மேலே எழும்பி நிற்பதைக் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் சீவி விடுவார். இதைத்தான் நாங்கள் 'வழிக்கிறது' என்போம். அந்த நேரம் அவர் கதைக்கமாட்டார், எங்களையும் கதைக்க விடமாட்டார். மூச்சுப் பட்டாலே சீனி அசையும்.

கோபம் வந்தால் டெய்சி அன்ரிக்குக் குரல் உயராது. 'நீ' என்று கூப்பிடுகிறவர் 'நீங்கள்' என்று மாறிவிடுவார். நான் முதல்முதல் அளந்த அன்று கப்பை மேசையில் இரண்டு தரம் தட்டினேன். அவர் கப்பை வாங்கினார். அப்படியே அரிதட்டுக்குள் கவிழ்த்தார். "நீங்கள் திரும்பவும் அளவுங்கோ" என்றார். அந்த 'நீங்கள்' அடியைவிட மோசமாக இருந்தது.

என்னில் மட்டும் பிழை இல்லை. எங்கள் ஆட்களின் கைக்கு வழிக்க வராது. வீட்டில் அரிசியைச் சுண்டால் அளக்கிறோம். சுண்டைத் தட்டி, அமர்த்தி, மேலே கோபுரமாகக் குவித்து, சிந்தச் சிந்த அளந்தால்தான் மனம் நிறையும். யாராவது அரிசி கடன் கேட்டு வந்தால் வழித்துக் கொடுப்பவளை ஊர் மறக்காது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நிறைநாழி வைக்கிறதும் குவித்துத்தான். அப்படிப் பழகிய கையிடம் கத்தியைக் கொடுத்து, மேலே நிற்பதைச் சீவு என்றால் அது எப்படிச் சீவும்? டெய்சி அன்ரியிடம் பழக வந்த எல்லோரும் இந்த ஒரு இடத்தில்தான் தடக்கி விழுந்தார்கள்.

சண்டைக் காலத்தில் பல மாதங்கள் கடைகளில் ஐசிங் சீனியே இல்லை. சாதாரணச் சீனியை இடித்து, பழைய வேட்டித் துணியால் அரித்து, சோளமா கொஞ்சம் கலந்து வைத்தோம். பல்லில் சற்றே நறநறக்கும், ஆனால் பூ நின்றது. அண்மையில் நாடே வரிசையில் நின்ற நாட்களிலும் அந்தப் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. தட்டுப்பாடு என்று சொல்லி நான் ஓர் ஓடரையும் திருப்பி அனுப்பியதில்லை.

டெய்சி அன்ரியைவிட்டு வெளியே வந்தது ஒரு கலியாண மண்டபத்தில். நான் போட்ட கேக்கை வெட்டுகிறதைப் பார்க்க மண்டபத்துக்குள் எட்டி நின்றேன். "செய்தவ குசினிப் பக்கம் நிக்கிறதுதான் வடிவு. நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றார் டெய்சி அன்ரி. நான் உள்ளுக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமையே என் குசினியில் தனியாகத் தொடங்கினேன். "கொஞ்ச நாளிலை திரும்பி வருவாய்" என்று சொல்லி அனுப்பினார். திரும்பிப் போகவில்லை. ஆனால் அவருடைய அளவை மட்டும் கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் வேலைக்கு வந்தவர்கள் கப்பைத் தட்டினால் நானும் அப்படியே அரிதட்டுக்குள் கவிழ்த்தேன். வழிக்காத கப்பை என் குசினியில் ஒருநாளும் விட்டதில்லை. ஒரே ஒரு தரம் தவிர. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சம்பூரிலிருந்து வசந்தி என்ற பெண் மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீட்டுக்குக் கேக் சொல்ல வந்தாள். இடம்பெயர்ந்து, முகாம்களில் பல வருடம் இருந்து, திரும்பவும் ஊரில் குடியேறிய குடும்பம். இரண்டு தட்டுக் கேக், வெள்ளை ஐசிங், பிள்ளை நிலானியின் பெயர் எழுத வேண்டும். எல்லாம் பேசி முடித்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தாள்.

"அக்கா, ஐசிங் போடேக்க நானும் கூடமாட நிண்டு செய்யலாமோ?" என்று கேட்டாள்.

நான் குசினிக்குள் ஆட்களை விடுவதில்லை. அதைச் சொன்னேன். அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"என்ர மனுசன் காணாமப் போனவர் அக்கா. நான் பொட்டு அழிக்கேல்லை. அவர் இல்லை எண்டு எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லைத்தானே. ஆனா என்ர மச்சாள், அவரின்ர தமக்கை, மனசுக்குள்ளை முடிவு கட்டிட்டா. நல்ல காரியத்திலை நான் முன்னுக்கு வரக்கூடாதாம். பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறதும் அவ, ஆலத்தி எடுக்கிறதும் அவ. கேக் வெட்டேக்கையாவது பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்கிறன் எண்டு கேட்டனான். 'பாப்பம்' எண்டா. அவ 'பாப்பம்' எண்டா இல்லை எண்டுதான் அர்த்தம்."

"நீங்கள் எதிர்த்துக் கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது? முகாமிலை எனக்குக் காய்ச்சல் கண்டு கிடக்கேக்க பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவ அவ. இந்தச் சடங்குக்கும் அவதான் ஓடித் திரியிறா." தலையை நிமிர்த்தினாள். "கேக்குக்குச் சாத்திரம் ஒண்டும் இல்லைத்தானே அக்கா? அதை நான் தொடலாம்தானே?"

"தொடலாம். நீங்கள்தான் சீனி அளக்கிறது" என்றேன். எனக்கு அந்த மச்சாளைப் பார்க்காமலே ஆத்திரம் வந்துவிட்டது.

ஐசிங் போட்ட கேக்கை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிண்ணியா, மூதூர் தாண்டி அவ்வளவு தூரம் போனால் வெடிப்பு விழும். அதனால் கேக்கை முதலே அடித்து, மேலே மரமுந்திரிப் பசை போட்டு மூடிக்கொண்டு, சடங்குக்கு முதல்நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஆனி மாதம். கச்சான் காற்று சூடாக அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் காலத்தில் ஐசிங் கெதியாகக் காய்ந்து இறுகும், மாரிகாலத்தில் ஈரம் அதைக் காய விடாது. இரண்டுக்கும் ஒரே அளவு போட்டால் சரிவராது. இது தொலைபேசியில் கேக் பழகுகிறவர்களுக்கு ஒருவரும் சொல்லாதது.

அறைக் கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டு வசந்தியும் நானும் இருந்தோம். பந்தல் போடுகிற சத்தம் வெளியே கேட்டது. அவளுக்கு அரிக்க நன்றாக வந்தது, கை பதமாக இருந்தது. அளக்கத் தொடங்கியதும் நான் எதிர்பார்த்ததே நடந்தது. கப்பைத் தட்டினாள், அமர்த்தினாள், மேலே குவித்தாள்.

"தட்டாதேங்கோ. இந்தாங்கோ கத்தி, வழியுங்கோ" என்றேன்.

கத்தியை வாங்கினாள். கப்புக்கு மேலே பிடித்தாள். இழுக்கவில்லை.

"முகாமிலை எங்களுக்கு அரிசி தாறவை ஒரு தடி வைச்சிருந்தவை அக்கா. பேணியிலை அள்ளி, மேலை நிக்கிறதை அந்தத் தடியாலை சீவித்தான் தருவினம். சீவின அரிசி திரும்பச் சாக்குக்குள்ளை விழும். அதைப் பாத்துக்கொண்டே பிள்ளையோடை வரிசையிலை நிண்டனான். வழிச்சு அளந்து வாங்கினது போதும். என்ர பிள்ளைக்கு நான் வழிக்கமாட்டன்."

டெய்சி அன்ரி அந்த இடத்தில் இருந்திருந்தால் கப்பை வாங்கிக் கவிழ்த்திருப்பார், "நீங்கள் திரும்பவும் அளவுங்கோ" என்றிருப்பார். நான் கத்தியை வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

"குவிச்சே அளவுங்கோ" என்றேன்.

இரண்டாவது கப் அளக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மச்சாள் வந்தாள். பெயர் இராசமணி. கச்சான் காற்றும் அவளோடு உள்ளே வந்து எண்ணெய்க் கடதாசியைத் தூக்கியது. வசந்தியின் கையையும் கப்பையும் பார்த்தாள்.

"வசந்தி, நீ என்ன செய்யிறாய்? நாளைக்குப் பிள்ளைக்கு நல்ல காரியம். அளக்கிற வேலை உனக்கு வேண்டாம். கப்பைத் தா, நான் அளக்கிறன்."

வசந்தி கப்பை மெல்ல மேசையில் வைத்தாள். பழகிப்போன ஆள் மாதிரிச் சுவரோரம் ஒதுங்கினாள். அந்த ஒதுங்கலைப் பார்த்ததும் எனக்கு உச்சியில் ஏறியது. நாலு முட்டை வெள்ளைக்கரு பாத்திரத்தில் பளபளவென்று கிடக்கிறது. முட்டை சேர்த்த கேக்குக்குச் சாத்திரம் பார்க்காத வீடு, அளக்கிற கைக்குச் சாத்திரம் பார்க்கிறது!

"சீனி என்ரை. அதை ஆர் அளக்கிறது எண்டு நான்தான் சொல்லுவன். வசந்தி, கப்பை எடுங்கோ" என்றேன்.

"நீங்கள் கேக் அடிக்க வந்தனீங்கள். எங்கடை வீட்டுக் கதைக்குள்ளை வராதேங்கோ" என்றாள் இராசமணி.

"வரேல்லை. வசந்தி அளக்கேல்லை எண்டால் ரெண்டு தட்டையும் வானிலை ஏத்திக்கொண்டு போறன். நாளைக்கு என்னத்தை வெட்டுவியள் எண்டு நீங்களே யோசியுங்கோ. கதவைச் சாத்திக்கொண்டு போங்கோ, சீனி பறக்குது."

இராசமணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு கேக்குக்கு இவ்வளவு வாயோ" என்றாள். ஆனால் போனாள். கதவையும் சாத்தினாள். வசந்தி கப்பை எடுத்து, தட்டி, குவித்து, மிச்ச எல்லாவற்றையும் அளந்து முடித்தாள்.

இனி வேலை என்னுடையது. றோயல் ஐசிங் என்பது வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் சில துளி தேசிக்காய்ச் சாறும்தான். வெள்ளைக்கருவை நுரைக்க விடாமல் மரக்கரண்டியால் உடைத்து, சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கை ஓயும்வரை அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் ஐசிங் கூராக எழும்பி நிற்க வேண்டும். குவித்து அளந்த சீனி, ஆகவே களி மாதிரித் தடித்து வந்தது. இன்னொரு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசக்கூடிய பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

கடைசியாகச் சேர்க்க வேண்டியது கிளிசரின். அது விட்டால்தான் ஐசிங் வெளியே காய்ந்தாலும் உள்ளே மெதுவாக இருக்கும், கத்தி இறங்கும். விடாவிட்டால் றோயல் ஐசிங் சிப்பி ஓடு மாதிரி இறுகிவிடும். வழித்து அளந்த சீனிக்கு எவ்வளவு கிளிசரின் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். குவித்து அளந்த சீனிக்கு அதைவிடக் கூட வேண்டும், கச்சான் அடிக்கிற நாளில் இன்னும் கூட வேண்டும். போத்தலைத் திறந்தேன். சுவரோரம் சற்றுமுன் வசந்தி ஒதுங்கி நின்ற இடத்தைப் பார்த்தேன். நிலானிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும், கை ஈர்க்குப் போல மெலிந்தது. ஒரு சொட்டும் விடாமல் போத்தலை மூடிப் பையில் வைத்தேன்.

மறுநாள் பந்தல் நிறையச் சனம். கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. பூ ஒன்றும் அசையவில்லை. தண்ணீர் வார்த்ததும் ஆலத்தி எடுத்ததும் இராசமணிதான். வசந்தி குசினி வாசலில் பட்டுச்சீலையோடு நின்றாள். நான் பந்தலுக்குள் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன், என்னைக் குசினிக்குப் போகச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

கேக் வெட்டுகிற நேரம் வந்தது. நிலானி மேசைக்கு முன்னால் நின்றாள், பக்கத்தில் இராசமணி. படம் எடுக்கிறவர் ஆயத்தமானார். பிள்ளை கத்தியை வைத்து அழுத்தினாள். கத்தி இறங்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. சனம் சிரித்தது. இன்னொரு தரம் அழுத்தினாள், மேலே ஒரு கீறல் மட்டும் விழுந்தது.

"விடு மோனை, மாமி பிடிக்கிறன்" என்று இராசமணி கையை நீட்டினாள்.

பிள்ளை கத்தியைக் கொடுக்கவில்லை. முகம் சிவந்து, வியர்த்து, பந்தலைச் சுற்றித் தேடினாள்.

"அம்மா! இது இறங்குதில்லை. வந்து என்னோடை பிடியுங்கோ."

சனத்தின் சிரிப்பு நின்றது. வசந்தி வாசற்படியில் அசையாமல் நின்றாள். இராசமணியைப் பார்த்தாள். பிள்ளை திரும்பவும் "அம்மா" என்றாள், இந்த முறை அழுகிற குரலில். வசந்தி நடந்து வந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தாயைக் கூப்பிடுகிற பிள்ளையை எந்தச் சாத்திரம் சொல்லி மறிப்பது? மகளின் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். இருவரும் சேர்ந்து பலங்கொண்ட மட்டும் அழுத்தினார்கள். டொக்கென்று ஐசிங் உடைகிற சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. நான் அழுதேன். என் தொழிலில் கேக் வெட்டியதைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

நான் வான் வண்டியில் ஏறும்போது இராசமணி வந்தாள். கையில் ஐசிங் துண்டொன்று இருந்தது. கண் கலங்கியிருந்ததா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை.

"டவுனிலை பெரிய கைகாரி எண்டு சொல்லித்தான் உங்களைப் பிடிச்சது. இது கல்லு மாதிரி இருக்குது."

"ஓம். கிளிசரின் விட்டிருந்தால் மெதுவாய் இருந்திருக்கும்."

"மறந்துபோனியளோ?"

"இல்லை" என்றேன். "தெரிஞ்சுதான் விடேல்லை."